சராசரி மறைக்கும் உண்மை

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். வளர்ச்சிப் பொருளாதாரப் பாடத்தில் ஆண்டுதோறும் நான் தவறாமல் எடுத்துக்கொண்ட கட்டுரை ஒன்று உண்டு. 'காணாமல்போன பெண்கள்' குறித்து அமர்த்தியா சென் 1990-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அது. உலகில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய 10 கோடிக்கும் அதிகமான பெண்கள் இல்லாமல் போயிருக்கிறார்கள் என்று அதில் அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

அந்தக் கணக்கு ஓர் அடிப்படையின் மீது நிற்கிறது. உணவு, மருத்துவம், கவனிப்பு ஆகிய மூன்றும் இரு பாலருக்கும் சமமாகக் கிடைத்தால், ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பிழைத்திருப்பார்கள் என்பதே அந்த அடிப்படை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆசியாவின் பல நாடுகளில் அப்படி இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் சென் எண்ணாக மாற்றினார்.

ஒருநாள் வகுப்பில் மாணவி ஒருவர் எழுந்து, 'ஐயா, பெண்ணின் உடலில் அப்படி என்ன இருக்கிறது? ஏன் அவர்கள் அதிகம் பிழைக்க வேண்டும்?' என்று கேட்டார். 'அது இயற்கை அம்மா, உயிரியல் துறையில் கேட்க வேண்டிய கேள்வி' என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றேன். வகுப்பு சிரித்தது. அந்த மாணவியின் கேள்விக்கு நான் பதில் தேடத் தொடங்கியது, பணி ஓய்வுபெற்ற பிறகு, 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான்.

கரோனாவின் இரண்டாவது அலை அது. நானும் என் மனைவியும் ஒரே வாரத்தில் தொற்றுக்கு ஆளானோம். ஒரே வீடு, ஒரே உணவு. வயதிலும் மூன்று ஆண்டுகள்தான் வேறுபாடு. இருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை. இருவருக்கும் புகைப்பழக்கம் இல்லை. அவருக்கு நான்கு நாள் காய்ச்சல், பிறகு சில வாரங்கள் அசதி. எனக்கோ ஒன்பது நாள்கள் மருத்துவமனையில் பிராணவாயு தேவைப்பட்டது.

அந்த வார்டில் இருந்த பதினான்கு படுக்கைகளில் பதினொன்றில் ஆண்கள் படுத்திருந்தோம். வேலை எதுவும் இல்லாத நிலையில் எண்ணிப் பார்ப்பது பொருளாதார ஆசிரியனின் பழக்கம். ஒரு வீட்டின் அனுபவமும் ஒரு வார்டின் எண்ணிக்கையும் சான்றாகிவிடாது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால், அவை ஒரு கேள்வியை எழுப்பப் போதுமானவை. வீடு திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன்.

உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கரோனா நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆய்வு வெளியானது. தொற்று ஏற்பட்டவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சரிபாதி. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்காகவும், இறக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்காகவும் இருந்தது. இந்தியாவில், 2020 டிசம்பரில் மத்திய சுகாதாரத் துறை அளித்த விவரப்படி, தொற்று கண்டறியப்பட்டவர்களில் 63% ஆண்கள். இறந்தவர்களில் 70% ஆண்கள்.

புகை, மது, வெளிவேலை, மருத்துவரிடம் தாமதமாகச் செல்லும் வழக்கம் ஆகியவை ஆண்களின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை மட்டுமே காரணம் அல்ல. பச்சிளம் குழந்தைகளுக்குப் புகைப்பழக்கம் கிடையாது. இருந்தும், சமமாகப் பேணப்படும் சமூகங்களில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே தொற்றுநோய்களால் அதிகம் இறக்கிறார்கள். ஆக, உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது.

நோய் எதிர்ப்பாற்றல் என்பது இரண்டு அடுக்குகளைக் கொண்ட காவல். கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் ஓடிவருவது முதல் அடுக்கு. வந்த கிருமி இன்னது என்று அடையாளம் கண்டு, அதற்கெனவே டி அணுக்களையும், 'ஆன்டிபாடி' எனப்படும் எதிர்ப்புரதங்களையும் உருவாக்கி, அதை நினைவிலும் வைத்துக்கொள்வது இரண்டாவது அடுக்கு. பொதுவாக, இந்த இரண்டு அடுக்குகளுமே பெண்களிடம் வேகமாகவும் வலுவாகவும் செயல்படுகின்றன என்பதைக் கடந்த முப்பது ஆண்டுக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி தலைமையிலான குழு, 2020-இல் கரோனா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தது. நோயின் தொடக்கத்திலேயே பெண்களிடம் டி அணுக்கள் வலுவாகத் தூண்டப்பட்டிருந்தன. ஆண்களிடமோ, அழற்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்கள் கூடுதலாகவும், டி அணுக்களின் செயல்பாடு குறைவாகவும் இருந்தன. டி அணுக்கள் சரியாகத் தூண்டப்படாத ஆண்களுக்கு நோய் முற்றியது. கிருமியைக் குறிவைத்துத் தாக்குவதற்குப் பதிலாக ஊரையே கொளுத்தும் படை போன்றது அது.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஹார்மோன்கள். பெண்களிடம் மிகுந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன், பொதுவாக எதிர்ப்புரத உற்பத்தியை ஊக்குவிக்கிறது; ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள ஆண்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி தூண்டிய எதிர்ப்புரதம் குறைவாக இருந்தது. ஆண்மையின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் ஹார்மோன், தடுப்பூசிக்கு முன்னால் ஒரு சுமையாகவும் இருக்கலாம்.

ஆனால், ஹார்மோன்கள் மட்டும் காரணமாக இருந்தால், பூப்பெய்துவதற்கு முன்பும் மாதவிடாய் நின்ற பிறகும் வேறுபாடே இருக்கக் கூடாது. அப்போதும் ஓரளவு இருக்கிறது. எனவே, இரண்டாவது காரணம் பிறப்பிலேயே எழுதப்பட்டது.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்ணுக்கு அவை இரட்டிப்பாகிவிடாமல் இருக்க, ஒவ்வோர் அணுவிலும் ஓர் எக்ஸ் குரோமோசோம் மௌனமாக்கப்படுகிறது. இதை 1961-இல் விளக்கியவர் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி. ஆனால், அந்த மௌனம் முழுமையானது அல்ல. பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாகக் குரல் கேட்பதுபோல, சில மரபணுக்கள் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட மரபணுக்களில் ஒன்று 'டி.எல்.ஆர்-7'. உடலுக்குள் நுழையும் தீநுண்மியின் மரபுப்பொருளை மோப்பம் பிடித்து, 'இன்டர்ஃபெரான்' என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கச் செய்வது அதன் வேலை. பெண்களின் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் இயங்குவதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இந்த மரபணு எவ்வளவு முக்கியமானது என்பதை நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் நிகழ்ந்த துயரம் காட்டியது. ஆரோக்கியமாக இருந்த நான்கு இளைஞர்கள் 2020-இல் கரோனாவால் செயற்கை சுவாசம் தேவைப்படும் நிலைக்குச் சென்றனர். அவர்களில் ஒருவர் இறந்தார். சோதித்துப் பார்த்தபோது, நால்வருக்கும் இந்த டி.எல்.ஆர்-7 மரபணுவே பழுதாகியிருந்தது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. அதில் பழுது என்றால் மாற்று இல்லை.

இதே காலகட்டத்தில் மற்றோர் ஆய்வும் வெளியானது. உயிருக்குப் போராடிய 987 கரோனா நோயாளிகளில் 101 பேரின் ரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புரதங்கள் காணப்பட்டன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

இதுவரை படித்தபோது, பெண்ணாகப் பிறந்தால் நல்லது என்றே எனக்குத் தோன்றியது. ஆனால், விலையில்லாமல் எதுவும் கிடைப்பதில்லை என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம். அந்த விலை எங்கள் வீட்டிலேயே பல ஆண்டுகளாகச் செலுத்தப்பட்டு வந்ததை நான் கவனிக்கவில்லை.

என் மனைவிக்கு நாற்பத்தைந்து வயதையொட்டி அசதி தொடங்கியது. முடி கொட்டியது, உடல் கனத்தது, வெயில் நாளிலும் போர்வை கேட்டார். 'மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும்' என்றார் நாங்கள் பார்த்த முதல் மருத்துவர். 'வீட்டு வேலையைக் குறைத்துக் கொள்ளுங்கள்' என்றார் இரண்டாமவர். 'எதையாவது நினைத்துக் கவலைப்படாதே' என்று சொன்னவன் நான். நான்கு ஆண்டுகள் கழித்து, ஓர் இளம் பெண் மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அது 'ஹாஷிமோட்டோ' நோய் என்று தெரிந்தது. தைராய்டு சுரப்பியைத் தன் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிக்கும் நோய் அது.

இதைப் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் பல. முடக்குவாதம், லூபஸ், ஸ்ஜோக்ரென் நோய் ஆகியவை அவற்றுள் சில. இந்த நோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 80% பேர் பெண்கள். லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். எதிரியை விரைந்து தாக்கும் படை, சில வேளைகளில் சொந்த மண்ணையும் தாக்கிவிடுகிறது.

இந்த இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதற்கும் டி.எல்.ஆர்-7 மரபணுவே சான்று. 2022-இல் வெளியான ஆய்வொன்றில், கடுமையான லூபஸ் நோய்க்கு ஆளான ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியிடம் அதே மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது தெரியவந்தது. நெதர்லாந்து இளைஞர்களிடம் அது செயலிழந்திருந்தது. இந்தச் சிறுமியிடம் அது தேவைக்கு மிஞ்சிச் செயல்பட்டது. குறைந்தால் தொற்று கொல்கிறது. மிகுந்தால் உடலே உடலைத் தின்கிறது. தொற்றிலிருந்து என் மனைவியைக் காத்ததும், அவரது தைராய்டைச் சிதைத்ததும் ஒரே ஆற்றலாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று எனக்குள் எழுந்தது.

பெண்ணின் உடல் எல்லாக் காலத்திலும் ஒரேபோல் இருப்பதும் இல்லை. கர்ப்பகாலத்தில், வயிற்றில் வளரும் சிசுவை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றல் தன்னை மாற்றிக்கொள்கிறது. அப்போது சில தொற்றுகள் கொடியவை ஆகின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியின் குடிநீரில் கழிவுநீர் கலந்தது. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பெரும்பாலானோர் பிழைத்தனர், ஆனால், கர்ப்பிணிகளிடையே இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்தது. அது 'ஹெபடைடிஸ்-இ' என்ற தீநுண்மி என்பது, சேமித்து வைக்கப்பட்டிருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோதுதான் தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்தத் தொற்றுக்கு ஆளாகும் பெண்களில் 20 முதல் 25% வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. குடிநீர்க் குழாய் உடைப்பு என்பது எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து அல்ல.

ஆண்களின் பக்கம் மிகப் பெரிய இழப்பு காசநோயில் இருக்கிறது. 2023-இல் உலகில் 1.08 கோடி பேர் காசநோயால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 55% ஆண்கள், 33% பெண்கள், 12% குழந்தைகள். அந்த ஆண்டில் உலகின் மொத்தக் காசநோயாளிகளில் 26% பேர் இந்தியாவில் இருந்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வில் உயிரியலின் பங்கும் உண்டு; பீடி, மது, நெரிசலான பணியிடம் ஆகியவற்றின் பங்கும் உண்டு. கூலி போய்விடும் என்று மருத்துவமனைக்கு வராமல் இருமிக்கொண்டே வேலைக்குச் செல்லும் ஆண், தன்னை மட்டுமன்றி தன் வீட்டாரையும் ஆபத்தில் தள்ளுகிறார். பெண்களுக்கான தனித் திட்டங்கள் தேவை என்பதை ஏற்றுக்கொண்டுவிட்ட நாம், காசநோயில் ஆண்களுக்கு மாலைநேர மருத்துவமனை போன்ற தனி ஏற்பாடு தேவை என்பதை இன்னும் போதிய அளவு யோசிக்கவில்லை.

இவ்வளவு தெளிவான வேறுபாடு மருத்துவ நடைமுறையில் ஏன் இடம்பெறவில்லை? இங்குதான் என் துறையின் பழைய நண்பனும் பகைவனுமான 'சராசரி' குறுக்கிடுகிறது.

தாலிடோமைடு மருந்தால் உறுப்புக் குறைபாட்டுடன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த அதிர்ச்சிக்குப் பிறகு, குழந்தை பெறும் வயதுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977-இல் வழிகாட்டியது. நோக்கம் நல்லது. விளைவு, பெண்களுக்கான மருந்தின் அளவு ஆண்களின் உடலை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. அந்த வழிகாட்டுதல் 1993-இல்தான் மாற்றப்பட்டது. ஆய்வுக்கூடத்து எலிகளிலும் ஆண் எலிகளே பெரும்பான்மை என்பதை 2011-இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. மாதச் சுழற்சி இல்லாததால் ஆண் உடலே 'தெளிவான' சோதனைப்பொருள் என்று கருதப்பட்டது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எச்.ஐ.வி. ஓர் எடுத்துக்காட்டு. ரத்தத்தில் தீநுண்மியின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் சிகிச்சை தொடங்கலாம் என்பது 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் இருந்த பரிந்துரைகளில் ஒன்று. பால்டிமோர் நகரில் நடந்து, 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, தொற்றின் தொடக்கத்தில் ஆண்களின் ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 50,000 தீநுண்மிப் பிரதிகளும், பெண்களிடம் சுமார் 15,000 மட்டுமே இருந்ததையும் காட்டியது. ஆனால், எய்ட்ஸ் நோயாக முற்றும் வேகம் இருவரிடமும் ஒன்றே. அந்த வரம்பை அப்படியே கடைப்பிடித்திருந்தால், ஆண்களில் 74% பேர் சிகிச்சைக்குத் தகுதி பெற, பெண்களில் 37% பேர் மட்டுமே தகுதி பெற்றிருப்பார்கள். ஒரே அளவுகோல் எப்போதும் சம நீதி ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது, மேற்கு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒன்று. கினி-பிசாவ் என்ற சிறிய ஏழை நாட்டில், பீட்டர் ஆபி என்ற டென்மார்க் ஆய்வாளர் 1978 முதல் வீடுவீடாகச் சென்று குழந்தைகளின் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் தட்டம்மை அங்கு குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது.

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புரதங்கள் குழந்தையின் உடலில் இருக்கும்வரை வழக்கமான தட்டம்மைத் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. எனவே, வீரியம் கூட்டப்பட்ட தடுப்பூசி ஒன்று சோதிக்கப்பட்டது. ஒன்பது மாதம் வரை காத்திராமல் முன்னதாகவே அதைப் போடலாம். அது தட்டம்மையைத் தடுத்தது. தட்டம்மை மிகுந்த நாடுகளில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 1989-இல் பரிந்துரைத்தது.

ஆனால், ஆபியும் செனகல் நாட்டில் பணியாற்றிய ஆய்வாளர்களும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது அதிர்ந்தனர். வழக்கமான தடுப்பூசி பெற்ற பெண் குழந்தைகளைவிட, வீரியத் தடுப்பூசி பெற்ற பெண் குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தனர். தட்டம்மையால் அல்ல, மற்ற நோய்களால். ஆண் குழந்தைகளிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. ஹெய்ட்டியிலிருந்து வந்த விவரங்களும் அதே திசையைக் காட்டின. 1992-இல் அந்தத் தடுப்பூசி திரும்பப் பெறப்பட்டது.

பெண் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் அப்படி நேர்ந்தது என்பது குறித்த விவாதம் இன்றும் நீடிக்கிறது. வழக்கமான தட்டம்மைத் தடுப்பூசி மீது இதனால் எவரும் ஐயம் கொள்ளத் தேவையில்லை. அது கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்துள்ளது. நான் சொல்ல வருவது வேறு. இரு பாலரின் இறப்பையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால், பெண் குழந்தைகளின் சாவு அந்தச் சராசரிக்குள் கரைந்து மங்கியிருக்கும். பதிவேட்டில் பால் என்ற ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. அதை யாரோ பிரித்துப் பார்த்தார்கள். ஒரு தவறு தடுக்கப்பட்டது.

பிரித்துப் பார்ப்பதால் சிக்கனமும் கைகூடலாம். 2004-இல் அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசிக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது 18 முதல் 64 வயது வரையுள்ள 1,114 பேரிடம் முழு அளவையும் பாதி அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதி அளவு பெற்ற பெண்களின் எதிர்ப்புரதம், முழு அளவு பெற்ற ஆண்களின் எதிர்ப்புரதத்துக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. ஊசி போட்ட பிறகு காய்ச்சல், வலி போன்ற பக்கவிளைவுகளைப் பெண்கள் அதிகம் தெரிவிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். எதிர்ப்புரதத்தின் அளவு மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. ஆகவே, நாளை முதல் பெண்களுக்குப் பாதி ஊசி போதும் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஆனால், பற்றாக்குறை நிலவும் உலகில் இதை முறையாக ஆராயாமல் விடுவது பெரும் வீண்செலவு.

இனி, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பிறக்கும்போதே பெண் குழந்தைக்கு இயற்கை ஒரு முன்பணம் கொடுத்து அனுப்புகிறது. தொற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அந்த முன்பணத்தின் ஒரு முக்கியப் பகுதி. சென் கணக்கின் அடிப்படையில் இருந்தது அதுதான். அந்த முன்பணத்தை நாம் என்ன செய்தோம்?

2000 முதல் 2005 வரையிலான காலத்தில், இந்தியாவில் ஐந்து வயதுக்கு உள்பட்ட பெண் குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 2.39 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கருவிலேயே அழிக்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இவர்கள் பிறந்த பிறகு இறந்தவர்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கு உத்தரப் பிரதேசம், பிகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் நிகழ்ந்தது. பிழைத்திருக்க வேண்டிய குழந்தைகள், தாமதமாகத் தூக்கிச் செல்லப்பட்டதாலும், குறைவாக ஊட்டப்பட்டதாலும் இறந்தார்கள்.

கரோனா காலத்திலும் இதன் நிழல் தெரிகிறது. தேசிய குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 2020-ஆம் ஆண்டில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2.1 ஆண்டுகளும், பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 3.1 ஆண்டுகளும் குறைந்ததாகக் கூறியது. மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆய்வு முறையில் குறைகள் இருப்பதாகச் சொன்னது. யார் கணக்கு சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், மருத்துவமனையில் பதிவான இறப்புகளில் 70% ஆண்கள் என்று ஒரு கணக்கும், பெண்களின் ஆயுளே அதிகம் குறைந்தது என்று மற்றொரு கணக்கும் சொல்லும்போது, ஒரு கேள்வி எழாமல் இல்லை. மருத்துவமனைக்கே வந்து சேராதவர்கள் யார்?

செய்ய வேண்டியவை மிகப் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. டெங்கு, காசநோய், எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை என எந்தத் தொற்றாயினும், பாதிப்பையும் இறப்பையும் பால் வாரியாகவும் வயது வாரியாகவும் மாவட்ட அளவில் வெளியிட வேண்டும். பெண் நோயாளியெனில், கர்ப்பிணியா என்ற விவரமும் இருக்க வேண்டும். படிவங்களில் அந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தொகுக்கும்போதுதான் அது தொலைந்துபோகிறது.

தடுப்பூசி, மருந்துச் சோதனைகளில் இரு பாலரும் போதிய எண்ணிக்கையில் சேர்க்கப்பட வேண்டும். முடிவுகள் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தாம் நிதியளிக்கும் ஆய்வுகளில் பால் வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை 2016 முதல் வலியுறுத்தி வருகின்றன. உலகுக்கே தடுப்பூசி தயாரித்துக் கொடுக்கும் நம் நாடு இதில் பின்தங்கலாகாது.

ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி வரை, ஒரு பெண் 'அசதியாக இருக்கிறது' என்று சொன்னால், அது வயதாலோ மனக்கவலையாலோ என்று முடிவுகட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். நாள்பட்ட இருமலுடன் ஓர் ஆண் வேலைக்குச் செல்வதைப் பார்த்தால், 'ஆம்பளைக்கு என்ன' என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் வீடுகளில் வர வேண்டும்.

ஆண் உடல் தாழ்ந்தது, பெண் உடல் உயர்ந்தது என்பதல்ல இதன் பொருள். இரண்டும் வெவ்வேறு இடங்களில் வலுவானவை. வெவ்வேறு இடங்களில் உடையக்கூடியவை. சமமாக நடத்துவது என்பது ஒரேபோல் நடத்துவது அல்ல. அவரவர்க்கு எங்கே ஆபத்து என்று அறிந்து அங்கே துணை நிற்பது.

என் மனைவி இன்றும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்கிறார். நான் ஆண்டுதோறும் தவறாமல் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறேன். அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. அது உயிரியல் துறையில் கேட்க வேண்டிய கேள்வி என்று அவரிடம் சொன்னேன். தவறு. இறந்தவர்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).